தைரியம் வரட்டும் என்று காத்திருந்தால்

ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நாள் இருக்கிறதே, பலருக்கு அது நோயைவிடக் கொடுமை. ரிப்போர்ட் கைக்கு வந்து, சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் மனசு ஒருவிதத்தில் அடங்கிவிடும். சரி, இனிமேல் மாத்திரை, நடை, ராத்திரிக்குச் சோறு கிடையாது என்று வேலை தொடங்கிவிடும். கெட்ட செய்தியைத் தாங்குகிற அதே ஆளால், செய்தி நல்லதா கெட்டதா என்று தெரியாத அந்த இடைவெளியைத் தாங்க முடிவதில்லை.

இதை மனத்திடம் இல்லாதவர்களின் குணம் என்று ஒதுக்க முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்தார்கள். 45 பேர் கம்ப்யூட்டர் திரையில் பாறைகளைப் புரட்ட வேண்டும். புரட்டுவதற்கு முன்னால், கீழே பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று ஒரு ஷாக். வியர்ப்பதையும் கண்ணின் பாவை விரிவதையும் வைத்துப் பதற்றத்தைக் கணக்கிட்டார்கள். ஷாக் நிச்சயம் அடிக்கும் என்று தெரிந்த நேரத்தைவிட, அடிக்கவும் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்துக்குப் போனது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நிலைமை எவ்வளவு நிச்சயமில்லாததோ அந்த அளவுக்கு யாருடைய பதற்றம் ஏறி இறங்கியதோ, அவர்கள்தான் பாம்பு இருக்கும் பாறையைச் சரியாக ஊகிப்பதிலும் தேறினார்கள். அதாவது பதற்றத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. தெரியாத இடத்தில் கவனத்தைக் கூட்டுவது அந்த வேலை. அதனால்தான் ‘கவலையே படாதே’ என்கிற அறிவுரை யாருக்கும் உதவியதாகத் தெரியவில்லை.

கவலையைக் குறைப்பதற்குச் சில வழிகள், தன்னம்பிக்கையை வளர்ப்பதற்கு வேறு சில வழிகள் என்று இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகவே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் முளைக்கின்றன. பயமாக இருக்கிறது என்று ஒரு காரியத்தைத் தள்ளிப் போடுகிறோம். தள்ளிப் போட்டதால் அது உண்மையிலேயே அவ்வளவு பயங்கரமானதா என்பது தெரியாமலே போகிறது, கவலை அப்படியே நிற்கிறது. நம்மால் அதைச் செய்ய முடியுமா என்பதும் தெரியாமல் போகிறது, நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. தைரியம் வந்ததும் செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் வரிசையை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

காக்காய் உட்கார்ந்ததும் பனம்பழமும்

கவலை ஏன் விடாது? அது வேலை செய்வது போன்ற ஒரு நினைப்பைத் தருவது முதல் காரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்க்கோவெக் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் கவலையை மட்டுமே ஆராய்ந்தார். அவர் கவனித்த முக்கியமான விஷயம், கவலை பெரும்பாலும் காட்சிகளாக ஓடுவதில்லை, பேச்சாக ஓடுகிறது. ‘இப்படி ஆனால் என்ன செய்வது, அப்புறம் அப்படி ஆகிவிட்டால்?’ என்று உள்ளுக்குள் ஒரு விசாரணைக் கமிஷன். தீர்ப்பு வராது, ஆனால் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது என்பதே ஏதோ நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும். பயத்தை நேருக்கு நேர் உணர்வதைவிட அதைப் பற்றி வார்த்தைகளில் சுற்றிச் சுற்றி வருவது அந்த நேரத்துக்குச் சுலபம். ஆகக் கவலையே தவிர்ப்பதில் ஒரு வகை என்றார் போர்க்கோவெக்.

இரண்டாவது காரணம் நம் வீடுகளில் நன்றாகத் தெரிந்தது. மகன் பைக்கில் இரவு ஊர் திரும்புகிறான். அம்மா வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள். பதினொரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கிறது, பத்திரமாக வந்துவிட்டான். அடுத்த வாரமும் இதே கதை. கவலைப்பட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்ற இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்து நடந்து, கவலைப்பட்டதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விடுவது சுலபமில்லை. ஏனென்றால் நம் ஊரில் கவலைப்படுவது அன்புக்குச் சாட்சி. ‘நான் கவலைப்படாம வேற யாரு படுவா?’ என்று கேட்கிற அம்மாவிடம் போய் நிம்மதியாகத் தூங்கு என்றால், அவள் காதில் அது ‘அக்கறை இல்லாமல் இரு’ என்றுதான் விழும்.

கவலைகள் எத்தனை பலிக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அதே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லூகாஸ் லாஃப்ரெனியர், மிஷெல் நியூமன் என்ற இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. தீராத கவலை ஒரு கோளாறாகவே ஆகிவிட்ட 29 பேரிடம், பத்து நாட்களுக்குத் தோன்றும் கவலைகளை எல்லாம் எழுதச் சொன்னார்கள். பிறகு ஒரு மாதம் அவை என்ன ஆயின என்று பார்க்கச் சொன்னார்கள். 91.4 சதவீதம் நடக்கவே இல்லை. எழுதிய ஒரு கவலைகூடப் பலிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். எந்த அளவுக்குத் தங்கள் கவலைகள் பொய்த்தன என்று கண்டார்களோ அந்த அளவுக்கு அவர்களின் கோளாறும் குறைந்தது. நோட்டும் பேனாவும் போதும், யாரும் செய்து பார்க்கலாம்.

ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. கந்து வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு, திங்கட்கிழமை ஆள் வந்து நிற்பான் என்ற கவலை பொய்க்கப் போவதில்லை. குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று மேட்டூர் அணையின் மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு மனப்பயிற்சி சொல்லித் தருவது கேலி செய்வதாகிவிடும். அந்தக் கவலைகள் வெளியில் இருக்கிற பிரச்சினைகள். அவற்றுக்கு வேண்டியது வேறு.

அது என்ன என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல், தலைநகர் ஹராரேயில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கட்டடம் கிடையாது, பணமும் கிடையாது. சமூக சுகாதாரப் பணியில் ஏற்கெனவே இருந்த பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து வளாகத்தில், மரத்தடியில் ஒரு பெஞ்சு. ‘நட்பு பெஞ்சு’ என்று பெயர். யோசனை பண்ணிப் பண்ணித் தூக்கம் போய்விட்டது என்று வருகிறவர் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டித் தீர்க்கலாம். வாடகை பாக்கி, எச்.ஐ.வி., வேலை இல்லை, அடிக்கிற கணவன் என்று எல்லாம் வரும்.

அந்தப் பாட்டிகள் ஆறுதல் சொல்வதோடு நிறுத்துவதில்லை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று மழுப்புவதும் இல்லை. பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்து, அதில் ஒன்றை மட்டும் வந்தவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடியது என்ன என்று வந்தவர் வாயாலேயே வரவழைக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். இப்படி ஆறு சந்திப்புகள். 573 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2016-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தெளிவாகவே தேறியிருந்தார்கள். கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் டாக்டர் அல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து இதே பாணியில் வேலை செய்திருக்கிறார்கள்.

பத்துப் பிரச்சினைகளும் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடும்போது எதற்கும் கை நீளாது. ஒன்றை மட்டும் எடுத்து வெளியே வைத்தால் ஒரு போனாவது போட முடிகிறது, ஒரு மனுவாவது எழுத முடிகிறது. செய்த பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, ‘நான் ஏதோ செய்தேன்’ என்று ஆகிவிடுகிறது. தன்னம்பிக்கைக்கான முதல் தவணை அதுதான்.

குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது

மருந்தைக் குடி, ஆனால் குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குப் பழசு. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதுமட்டுமல்ல, இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதித்தவர்களைவிட, அடக்கிவைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

ஆகக் கவலையை அடக்குவது நடக்காது. தள்ளி வைப்பது நடக்கும். போர்க்கோவெக்கும் அவரோடு இருந்தவர்களும் 1983-இலேயே சோதித்த முறை இது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், வந்திருக்கிறது என்று கண்டுகொண்டு, ஒரு வரி குறித்துவிட்டு, ‘சாயங்காலம் ஆறு மணிக்கு வா’ என்று அனுப்பிவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு உட்கார்ந்து ஆசை தீரக் கவலைப்படலாம், தீர்வு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் பூதாகாரமாகத் தெரிந்த சங்கதி ஆறு மணிக்குப் பார்த்தால் பாதி உப்புச் சப்பில்லாமல் இருக்கும். அந்த நேரத்தைப் படுக்கையிலோ படுக்கப் போகும் முன்னோ வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

தூங்கப் போகும்போது வேறு ஒன்று உதவுகிறது. டெக்சாஸில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2018-இல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் சீக்கிரம் தூங்கிப் போனார்கள். ‘பள்ளி விஷயம்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘புதன்கிழமைக்குள் இரண்டாம் பருவக் கட்டணம்’ என்று எழுதுவது இன்னும் நல்லது. விவரமாக எழுத எழுதத் தூக்கம் சீக்கிரம் வந்தது.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், வயிறு கலங்கும். எதிர்த்து நில் அல்லது ஓடு என்பதற்கான இந்த ஏற்பாட்டை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915-லேயே விவரித்துவிட்டார். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு இறங்கும். சாயங்காலம் நாலு மணிக்குக் குடிக்கிற டிகிரி காபியின் பாதி ராத்திரி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் கவனிக்கலாம். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014-இல் காட்டியது சுவாரசியமானது. மேடை ஏறுவதற்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பு இருக்கும்போது அமைதி என்று சொன்னால் உடம்பு நம்பாது. உற்சாகத்துக்கும் அதே படபடப்புதானே.

கேட்டுக் கேட்டு உறுதி செய்வது

தவிர்ப்பது என்றால் ஓடி ஒளிவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். மிக நாகரிகமான தவிர்ப்புகளும் உண்டு. கேஸை அணைத்தாயா என்று வீட்டுக்கு மூன்று முறை போன். அனுப்பப் போகிற மெயிலைப் பக்கத்து சீட்காரரிடம் காட்டி ‘சரியா இருக்கா?’ என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவது. வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்துவிட்டதா, கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள் என்று பார்ப்பது. நெஞ்சு லேசாகப் பிடித்தால் கூகுளில் தேடி நள்ளிரவில் புற்றுநோய் வரை போய்ச் சேர்வது.

ஒவ்வொரு முறையும் நிம்மதி கிடைக்கும், உண்மைதான். அந்த நிம்மதிதான் வம்பு. அடுத்த முறை சந்தேகம் வரும்போது, கேட்டால்தான் அடங்கும் என்று மனசு பழகியிருக்கும். கேட்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கண்டுபிடிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. பிரிட்டனின் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் 1991-இல் இதை விளக்கினார். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்து எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே நடப்பவர், பிடித்துக்கொண்டதால்தான் விழவில்லை என்று நம்புவார். பிடிக்காமல் நடந்து பார்க்கும் வரை அந்தப் பயத்துக்குச் சாவே இல்லை.

இதை நிறுத்துவதற்கு வீரம் தேவையில்லை. மூன்று முறை கேட்பதை ஒரு முறையாக்கலாம். உடனே கேட்பதை அரை மணி கழித்துக் கேட்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ‘ஒண்ணும் ஆகாதும்மா’ என்று இருபதாவது முறையாகச் சொல்வதற்குப் பதில், ‘பதற்றமா இருக்கா? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாமா?’ என்று கேட்கலாம்.

பாம்பைத் தொட்டவர்கள்

இனித் தன்னம்பிக்கை. கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும், நான் வெற்றியாளன்’ என்று தினமும் சொல்லச் சொல்லும் வகுப்புகள் நம் ஊரில் ஏராளம். சிலரிடம் ஆயிரக்கணக்கில் பணமும் வாங்குகிறார்கள். கனடாவில் ஜோவன் வுட் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் நேசிக்கத் தக்கவள்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்கள், அதாவது மருந்து யாருக்குத் தேவையோ அவர்கள், முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்லும்போது, ‘பொய்’ என்று உள்ளே ஒரு குரல் பதில் சொல்லும் போலிருக்கிறது.

கலிஃபோர்னியா மாநில அரசு இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியில் 1986-இல் தன்மதிப்பை வளர்க்கவே ஒரு அரசுக் குழு அமைத்தார்கள். குற்றம், போதை, பள்ளித் தோல்வி எல்லாவற்றுக்கும் தன்மதிப்பு ஒரு தடுப்பூசி என்று நம்பினார்கள். பிள்ளைகளைச் சும்மா சும்மாப் பாராட்டும் பழக்கம் அமெரிக்கப் பள்ளிகளில் பரவியது. பிறகு ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் வேறு மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி 2003-இல் எழுதியதன் சாரம் இது. தன்மதிப்பு கூடினால் மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தன்மதிப்பு வருகிறது என்பதுதான் ஓரளவு பொருந்துகிறது.

அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இதற்குச் சரியான பதில் சொன்னவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பாண்டுரா. 1960-களின் இறுதியில், பாம்பென்றால் நடுங்குபவர்களைப் பத்திரிகை விளம்பரம் கொடுத்து வரவழைத்தார். சாதாரணப் பயம் அல்ல. தோட்டத்தில் இறங்க மாட்டார்கள், மலைப் பக்கம் போக மாட்டார்கள், வாழ்க்கையே சுருங்கிப் போயிருந்தது. அவர்களை மூன்று வகையாகப் பிரித்து மூன்று சிகிச்சை. சிலருக்கு உடம்பைத் தளர்த்திக் கற்பனையில் பாம்பை நினைக்கும் பயிற்சி. சிலர், மற்றவர்கள் பாம்போடு பழகும் படத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது வகையினருக்கு நிஜப் பாம்பு.

முதலில் கண்ணாடி வழியாக ஒருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்ப்பார்கள். பிறகு அறைக்குள். பாம்பைப் பிடித்திருப்பவரின் கைமேல் கை வைப்பார்கள். கையுறை போட்டுத் தொடுவார்கள், பிறகு வெறுங்கையால். கடைசியில் கூட இருப்பவர் மெல்ல விலகிக்கொள்வார், பாம்பு மடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். மூன்று வகையில் இதுவே மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. பல ஆண்டுப் பயம் சில மணி நேரத்தில் போனது. பாண்டுராவை ஆச்சரியப்படுத்தியது அதற்கு அப்புறம் நடந்தது. பாம்புக்குச் சம்பந்தமே இல்லாத மற்றப் பயங்களும் பலருக்குக் குறைந்திருந்தன. இவ்வளவு பெரியதைக் கடந்துவிட்டேனே என்ற கணக்கு வேறு இடங்களுக்கும் பரவியிருந்தது.

இதையெல்லாம் வைத்து 1977-இல் அவர் எழுதிய கோட்பாட்டில், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, மற்றவர்கள் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பு சொல்லும் சேதி. நான்கிலும் செய்து பார்த்ததுதான் வலுவானது. நாம் அதிகம் செலவழிப்பதோ மூன்றாவதில்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்து பார்ப்போம். தமிழ் வழியில் படித்து, சென்னையில் ஐடி வேலையில் சேர்ந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் நான்கைந்து பேர் இப்படி இருப்பார்கள். வேலையில் கெட்டி. மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டாள். ‘இங்கிலீஷ் கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் பேசிக்கலாம்’ என்று இரண்டு வருடம் ஓடிவிடும். பேசாமலே இங்கிலீஷ் எப்படிச் சரியாகும்?

அவள் செய்யக்கூடியது, பாம்பு அறையில் நடந்ததுதான். முதலில், காலை மீட்டிங்கில் நேற்று முடித்த வேலையை இரண்டு வாக்கியத்தில், எழுதி வைத்துப் படிக்காமல் சொல்வது. அது சலித்துப் போகும் வரை அதையே செய்யலாம். அப்புறம் தினம் ஒரு கேள்வி கேட்பது. பிறகு தெரிந்த நான்கு பேர் முன் ஐந்து நிமிடம் விளக்குவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாள் என்பதை எழுத வேண்டும்: ‘எல்லாரும் சிரிப்பார்கள்’, ‘பாதியில் நின்றுவிடுவேன்’. முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பாதியில் ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றிருக்கலாம். யாரோ அதை எடுத்துக் கொடுத்திருப்பார், மீட்டிங் நகர்ந்திருக்கும். யாராவது உண்மையிலேயே சிரித்திருந்தால்? அதற்கு அப்புறமும் மதியம் சாப்பிட்டோம், வேலை பார்த்தோம் என்பதும் ஒரு ஆதாரம்தான். படி மட்டும் பெரியதாக இருக்கக் கூடாது. எடுத்த எடுப்பில் வெளிநாட்டு கிளையன்ட் முன் அரை மணி நேரம் பேசப் போய்ச் சொதப்பினால், ‘பார்த்தாயா, சொன்னேனே’ என்று பயம் வெற்றி விழா கொண்டாடும்.

இரண்டாவது ஊற்றும் இங்கே உதவும். மேடையில் பொரிந்து தள்ளும் பிரபலத்தைப் பார்த்து வருவதைவிட, தன் மாவட்டத்துக்காரியான, தன்னைப் போலவே தமிழ் வழியில் படித்த சீனியர் அக்கா தப்பும் தவறுமாகப் பேசியே வேலையை முடிப்பதைப் பார்த்தால் அதிக நம்பிக்கை வரும்.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அந்த ஆய்வு வெளிவந்த ஆண்டு 2000. அறையில் பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். கார்னெல் ஆட்கள் நம் தெருத் திண்ணைகளைப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். சில ஊர்களில் நாலு பேர் கவனிக்கத்தான் செய்வார்கள், பேசவும் செய்வார்கள். ஆனால் அங்கேயும் அடுத்த வாரத்துக்கு அவர்களுக்கு வேறு கதை கிடைத்துவிடும்.

பெற்றோரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். பேங்க் செலான் நிரப்புவது, ரிசர்வேஷன் கவுன்டரில் நிற்பது, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவது, தெரியாத ஆளிடம் போனில் பேசுவது எல்லாவற்றையும் ‘நீ படி, அப்பா பார்த்துக்கறேன்’ என்று வாங்கிக்கொள்கிறோம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், கல்லூரி ஹாஸ்டல் வாசல் வரை கூடப் போவோம். இருபத்திரண்டு வயதில், ‘இவளுக்கு ஒண்ணும் தெரியாது, ரொம்ப பயந்த சுபாவம்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதும் நாம்தான். செய்து பார்க்கும் வாய்ப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, தைரியம் வரவில்லையே என்று தன்னம்பிக்கை வகுப்புக்குப் பணம் கட்டுகிறோம். அந்தச் செலானை அவள் தப்பாக நிரப்பட்டும். கவுன்டரில் இருப்பவர் எரிந்து விழுவார், அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள்.

எப்போது டாக்டரிடம் போவது

மேலே சொன்னது எல்லாம் அன்றாடக் கவலைக்கு. ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றியும் கட்டுப்படுத்த முடியாமல் கவலை ஓடுகிறது என்றால் அது வேறு கணக்கு. கூடவே தூக்கம் கெடுவது, எப்போதும் களைப்பு, எரிச்சல், கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது, கவனம் நிற்காதது, இருப்புக் கொள்ளாமை ஆகியவை வரும். வேலைக்குப் போவதோ வீட்டைப் பார்ப்பதோ பாதிக்கப்பட்டால் ஆறு மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் முதலில் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே கை நடுக்கம், இதே தூக்கமின்மைதான். ரத்தசோகையிலும் படபடப்பு வரும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அல்பிரசோலம் மாதிரி மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடுவது மட்டும் கூடாது. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. அன்றைக்குப் பயத்தை அமுக்கும், சில வாரங்களில் அது இல்லாமல் முடியாது என்ற நிலைக்குக் கொண்டுபோகும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

தமிழ்நாட்டில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், ‘கொஞ்ச நாளாத் தூக்கம் வரலை, ஒரே யோசனையா இருக்கு’ என்று சொன்னால் போதும், மீதியை எதிர்முனையில் இருப்பவர் கேட்டு வாங்கிக்கொள்வார்.